செஞ்சேற்றில் மூழ்கிய மார்சால் ஆறு மீண்டது எப்படி?

கேள்வி – சூழலியல் மாணவி

வணக்கம். 2010 அக்டோபர் 4 அன்று ஹங்கேரியின் அய்கா நகரில், அலுமினியத்துக்கு மூலப்பொருளான அலுமினாவைத் தயாரிக்கும் ஆலையின் கழிவுத் தேக்கம் கரை உடைந்து, கொலோந்தார், தெவெச்சேர் ஆகிய ஊர்களுக்குள் செஞ்சேறு புகுந்ததில் 10 பேர் இறந்தனர். தோர்னா ஓடை வழியே மார்சால் ஆற்றில் கலந்த அந்தச் சேறு, அங்கிருந்த மீன்களை அடியோடு அழித்தது. அப்படிப்பட்ட ஆற்றில் சில ஆண்டுகளிலேயே மீண்டும் மீன்கள் வந்ததற்கு, அவசரமாக ஆற்றில் கொட்டிய ஜிப்சம் என்ற கால்சியக் கனிமம்தான் காரணமா?

மறுமொழி – வேதியியல் ஆசிரியர்

ஜிப்சம் காரத்தைத் தணிக்க உதவியது. ஆற்றை மீட்டது அது மட்டுமன்று. பாக்சைட் என்ற தாதுவிலிருந்து அலுமினாவைப் பிரிக்க எரிசோடா பயன்படுவதால், அந்தச் சேற்றின் காரத்தன்மை பிஎச் 13 அளவில் இருந்தது (பிஎச் 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்). சேறு பட்டவர்களுக்கு முதலில் சிறிய எரிச்சலாகத் தோன்றியது, காரம் தோலுக்குள் இறங்க இறங்க ஆழமான புண்ணாயிற்று. ஜிப்சத்திலுள்ள கால்சியம், நீரிலுள்ள கார்பனேட்டுடன் சேர்ந்து சுண்ணாம்பாகப் படிவதால் காரம் தணிகிறது, அமிலமும் ஊற்றினார்கள். சேறு கலந்த நீர் டான்யூப் பேராற்றை எட்டும்போது பிஎச் 10க்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் அதிகக் காரத்தில் கரைந்து நிற்கும் ஆர்செனிக், வனேடியம் போன்ற நச்சுத் தனிமங்கள் காரம் குறைந்ததும் பெருமளவு சேற்றுத் துகள்களில் ஒட்டிக்கொண்டு ஆற்றடியில் தங்கிவிடுகின்றன. நீர் தெளிந்துவிட்டது என்று அத்துடன் நின்றிருந்தால், அடுத்த வெள்ளம் அவற்றைக் கிளறிவிட்டிருக்கும். ஓடைகளிலும் வயல்களிலும் படிந்த சேற்றை வழித்தெடுத்து அகற்றியதே மீட்சிக்கு அடிப்படை என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி – களர் நில உழவர்

ஆசிரியர் ஐயா சொல்வது எங்கள் வயலிலும் பொருந்துகிறது. வெள்ளை பூத்து, தண்ணீர் இறங்காமல் தேங்கி நின்ற களர் நிலத்தில் ஜிப்சம் இட்டோம். பாத்தி கட்டி நீர் நிறுத்தி, அதை வடிகாலில் வெளியேற்றிய பிறகுதான் மண் பொலபொலவென்று ஆனது. ஜிப்சம் மண்ணிலிருந்து சோடியத்தை விடுவிக்கும். அதை வெளியேற்றுவது நம் வேலை, அம்மா.

மறுமொழி – சூழலியல் மாணவி

மிக்க நன்றி, ஐயா. இதுவரை ஆற்றுநீரின் பிஎச் அளவுகளை மட்டுமே ஒப்பிட்டு வந்தேன். இனி அடிமண் அளவீடுகளை முதலில் எடுத்துக்கொண்டு, மேலோடைகளிலிருந்து மீன்கள் எப்போது இறங்கி வந்தன என்பதை அவற்றுடன் வைத்துப் பார்க்கிறேன்.