1925 பட்டம் யாருக்கு? பாட்ஸ்வில் மரூன்ஸா, சிகாகோ கார்டினல்ஸா?

நெல்லைக்காரன்:
அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்லின் சாம்பியன்கள் பட்டியலில் 1925-க்கு நேராக சிகாகோ கார்டினல்ஸ் என்று போட்டிருக்கிறது. இன்று அரிசோனாவில் இருக்கும் அதே கார்டினல்ஸ்தான். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊரான பாட்ஸ்வில்லுக்குச் சேர வேண்டிய பட்டம் அது.

கதை தெரியாதவர்களுக்கு: அமெரிக்கன் ஃபுட்பாலில் அப்போது இறுதிப்போட்டி கிடையாது. சீசன் முடியும்போது யாருடைய வெற்றி விகிதம் அதிகமோ அவர்களுக்குப் பட்டம். டிரா ஆன ஆட்டங்கள் கணக்கில் வராது. மரூன்ஸ் அந்த ஆண்டுதான் லீக்குக்குள் வந்த புது அணி. அவர்களுடைய டோனி லட்டோன் சிறுவயதிலேயே சுரங்க வேலைக்குப் போனவர். அவரைப் பிடித்துக் கீழே தள்ள இரண்டு மூன்று பேர் வேண்டும். டிசம்பர் 6-ஆம் தேதி சிகாகோ கொமிஸ்கி பார்க்கில், பனியில், முதலிடத்தில் இருந்த கார்டினல்ஸை 21–7 என்று அடித்துவிட்டு வந்தார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ரயிலடி:
அண்ணே, கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே. அடுத்த சனிக்கிழமை என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள். டிசம்பர் 12 அன்று ஃபிலடெல்ஃபியா ஷைப் பார்க்கில் நோட்டர் டேம் கல்லூரியின் முன்னாள் நட்சத்திரங்களோடு ஒரு காட்சிப் போட்டி ஆடினார்கள். ஃபிலடெல்ஃபியா என்பது ஃப்ராங்க்ஃபோர்ட் யெல்லோ ஜாக்கெட்ஸ் அணியின் எல்லை, வேறு லீக் அணி அங்கே வந்து கடை போடக் கூடாது. அதே நாளில் ஃப்ராங்க்ஃபோர்ட் தன் மைதானத்தில் லீக் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தது. லீக் தலைவர் ஜோ கார் முன்கூட்டியே ‘ஆடாதே’ என்று எச்சரித்தார். அப்படியும் ஆடினார்கள். சஸ்பெண்ட் ஆனார்கள், பட்டமும் கைவிட்டுப் போனது. இதில் அநியாயம் எங்கே இருக்கிறது?

நெல்லைக்காரன்:
எல்லையாம் எல்லை! அதே ஃப்ராங்க்ஃபோர்ட்டை இரண்டு வாரம் முன்புதான் 49–0 என்று தூக்கி அடித்திருந்தார்கள். அந்த ஆட்டத்தில் ஜெயிப்பவருக்குத்தான் நோட்டர் டேமோடு ஆடும் வாய்ப்பு என்று பேச்சு இருந்ததாகப் பாட்ஸ்வில்காரர்கள் சொல்வார்கள். தோற்றவன் போய்ப் புகார் கொடுத்தால் அதற்குப் பெயர் விதியா? அணி உரிமையாளர் டாக்டர் ஸ்ட்ரீகல், லீக் அலுவலகத்தில் தொலைபேசியில் அனுமதி வாங்கியதாகச் சொன்னார். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ரயிலடி:
தொலைபேசியில் யாரோ ‘சரி’ என்றார்களாம். தலைவரே ‘கூடாது’ என்ற பிறகு அந்த ‘சரி’க்கு என்ன மதிப்பு?

எல்லை விதியைக் கேலி செய்கிறீர்கள். அப்போது தொலைக்காட்சிப் பணம் இல்லை. வாசலில் விற்கும் டிக்கெட்டில்தான் ஒரு அணி உயிரோடு இருக்கும். பக்கத்திலேயே ‘நான்கு குதிரை வீரர்கள்’ என்று பெயர்பெற்ற நோட்டர் டேம் நட்சத்திரங்கள் ஆடுகிறார்கள் என்றால் ஃப்ராங்க்ஃபோர்ட் மைதானத்துக்கு யார் போவார்கள்? பத்திருபது ஊர்களை வைத்துக்கொண்டு ஒரு லீக் தட்டுத்தடுமாறி எழுந்து நின்ற காலம் அது. அன்று கார் கண்ணை மூடிக்கொண்டிருந்தால், அவனவன் கூட்டம் கிடைக்கும் ஊருக்குக் கடை போடப் போயிருப்பான்.

பூங்கொடி_சேலம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் கணக்கு மட்டும் பார்க்கிறேன். கொமிஸ்கி பார்க் ஆட்டத்துக்குப் பிறகு பாட்ஸ்வில் 10 வெற்றி, 2 தோல்வி, விகிதம் 0.833. கார்டினல்ஸ் 9 வெற்றி, 2 தோல்வி, 1 டிரா, 0.818. அந்த நிமிடத்தில் பாட்ஸ்வில்தான் மேலே.

உடனே கார்டினல்ஸ் உரிமையாளர் கிறிஸ் ஓப்ரையன் அவசர அவசரமாக இரண்டு ஆட்டங்கள் ஏற்பாடு செய்தார். டிசம்பர் 10-இல் மில்வாக்கி பேட்ஜர்ஸோடு, 12-இல் ஹேமண்டோடு. இரண்டுமே சீசனை முடித்துக் கலைந்துபோன அணிகள். மில்வாக்கிக்கு ஆள் போதவில்லை. சிகாகோ பள்ளி மாணவர்கள் நான்கு பேரைப் பொய்ப் பெயரில் இறக்கினார்கள். அவர்களைக் கூட்டிவந்தவர் ஆர்ட் ஃபோல்ஸ், கார்டினல்ஸ் ஆட்டக்காரர்! முடிவு 59–0. இப்போது கார்டினல்ஸ் 11–2–1, விகிதம் 0.846.

அந்த மில்வாக்கி ஆட்டத்தை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். 10–2. பாட்ஸ்வில்லும் 10–2. அச்சு அசலாகச் சமம்.

சும்மா_வந்தவன்:
59–0 எடுத்தது பள்ளிப் பையன்களை நிறுத்தி வைத்தா? ஹோம்வொர்க் முடித்துவிட்டு வந்திருப்பார்கள் பாவம்.

நெல்லைக்காரன்:
பூங்கொடி, நன்றி. நான் பத்து பத்தி எழுதியும் சொல்ல முடியாததை இரண்டு வரியில் சொல்லிவிட்டீர்கள். இன்னொன்று: பாட்ஸ்வில்லுக்கு அபராதம் 500 டாலர். பள்ளி மாணவர் விவகாரத்துக்கு ஓப்ரையனுக்கு 1,000 டாலர். மில்வாக்கி உரிமையாளர் அணியையே விற்க வேண்டியதாயிற்று. ஃபோல்ஸுக்கு ஆயுள் தடை (பிறகு நீக்கினார்கள்). அபராதத்தை வைத்துப் பார்த்தாலே எது பெரிய குற்றம் என்று லீக்குக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்த ஆட்டம் இன்றும் கார்டினல்ஸ் கணக்கில் வெற்றியாக நிற்கிறது.

ரயிலடி:
மில்வாக்கி ஆட்டம் அசிங்கம்தான், அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் ஓப்ரையன் அந்த ஆட்டங்களை வைத்ததற்குப் பட்டம் மட்டும் காரணமில்லை. கல்லூரி ஆட்டத்தில் பெரிய நட்சத்திரமான ரெட் கிரேஞ்ச் அப்போதுதான் சிகாகோவின் இன்னொரு அணியான பேர்ஸில் சேர்ந்திருந்தார். அவர் வந்தால் மைதானம் நிரம்பும். பேர்ஸோடு இன்னொரு ஆட்டம் கிடைத்தால் ஆண்டுச் செலவை மீட்டுவிடலாம் என்று மனுஷன் கணக்குப் போட்டார். டிசம்பர் 20 வரை ஆட்டங்கள் சேர்த்துக்கொள்ள விதியில் இடமும் இருந்தது.

அப்புறம், ‘ஏழைச் சுரங்க ஊரை நசுக்கிவிட்டார்கள்’ என்பதும் முழு உண்மை இல்லை. 1926-லேயே பாட்ஸ்வில்லை லீக்கில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள்.

நெல்லைக்காரன்:
பாசத்தால் சேர்க்கவில்லை ஐயா. கிரேஞ்சை முன்னால் வைத்து 1926-இல் போட்டி லீக் ஒன்று தொடங்கினார்கள். மரூன்ஸ் அங்கே போய்விடுமோ என்ற பயம்.

அந்த நோட்டர் டேம் ஆட்டத்தைத் தண்டனைக்குரிய குற்றமாக மட்டும் பேசுகிறீர்கள். கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு முன்னால் தொழில்முறை ஆட்டக்காரர்கள் நிற்கவே முடியாது என்று நாடே நம்பிய காலம். கடைசிக் கட்டத்தில் சார்லி பெர்ரி ஃபீல்ட் கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) அடித்து 9–7 என்று ஜெயித்தார்கள். என்.எஃப்.எல்லுக்கு அன்று கிடைத்த மரியாதைக்குக் கூலி சஸ்பென்ஷன்!

பூங்கொடி_சேலம்:
ஒரு விஷயம் இருவருமே சொல்லவில்லை. பட்டத்தை ஓப்ரையனே வேண்டாம் என்றார். எங்களைத் தோற்கடித்த அணி இருக்கும்போது இது எங்களுக்கு எதற்கு என்பது அவர் நிலை. 1930-களில் கார்டினல்ஸை வாங்கிய பிட்வில் குடும்பம்தான் பிறகு அதை விடாமல் பிடித்துக்கொண்டது. 2003-இல் மறுபடி விசாரிக்கலாமா என்று உரிமையாளர்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. 30–2 என்று தள்ளிவிட்டார்கள். ஆதரித்தவை ஃபிலடெல்ஃபியாவும் பிட்ஸ்பர்கும், இரண்டுமே பென்சில்வேனியா அணிகள்.

ரயிலடி:
ஓப்ரையன் விஷயத்தில் எனக்குப் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். வேண்டுமானால் 1925-க்கு நேராகக் கோடு போட்டுக் காலியாக விடட்டும். எச்சரித்தும் கேட்காத பாட்ஸ்வில்லுக்கு மட்டும் கொடுக்கக் கூடாது.

நெல்லைக்காரன்:
காலியாக விட்டாலே எனக்குப் பாதி ஜெயம். முதலில் கார்டினல்ஸ் பெயரை அழிக்கட்டும், மீதியை அப்புறம் பேசிக்கொள்வோம். பாட்ஸ்வில்காரர்கள் யாரையும் எதிர்பார்க்காமல் நிலக்கரியிலேயே ஒரு பந்தைச் செதுக்கித் தங்களுக்குத் தாங்களே கோப்பை செய்துகொண்டார்கள். அது கேன்டனில் உள்ள ஃபுட்பால் அருங்காட்சியகமான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறது.

சும்மா_வந்தவன்:
அழிக்கச் சொல்லி அரிசோனாவில் போய்க் கேட்டுப் பாருங்கள். 1947-க்குப் பிறகு அவர்களுக்கு ஒரு பட்டமும் கிடையாது. மொத்தமாக இருப்பதே இரண்டு, அதில் ஒன்றைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.