‘சர்க்கரை சேர்க்கப்படாத’ பேரீச்சை பாரும் அப்பாவின் குளுக்கோமீட்டரும்: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

வைகைக்கரை

அப்பாவுக்கு 12 வருடமாகச் சர்க்கரை. மாத்திரை, நடை, மூன்று இட்லிக்கு மேல் தொடக்கூடாது என்ற அம்மாவின் அதட்டல் என்று எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் ஊருக்குப் போனபோது நான்தான் வம்பை விலைக்கு வாங்கிப் போனேன். பேரீச்சையும் பாதாமும் போட்ட பார், பெட்டிக்கு 12. உறையின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’.

முதல் நாள் நாலு மணி டீயோடு ஒன்று. மறுநாளே ஒன்று இரண்டானது. “அதான் சர்க்கரையே இல்லையேம்மா” என்பது அப்பாவின் கட்சி. நாலாவது நாள் ஆறு மணிக்கு விரலைக் குத்திப் பார்த்தால் 248. அந்த நேரத்தில் வழக்கமாக 150ஐ ஒட்டித்தான் இருக்கும். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அப்புறம்தான் உறையைத் திருப்பினேன். (பெயரிலேயே ‘பார்’ இருக்கிறது, இருந்தும் பார்க்கவில்லை.) 35 கிராம் பார். 100 கிராமுக்கு மொத்தச் சர்க்கரை 42 கிராம், அதற்கு அடுத்த வரியில் சேர்த்த சர்க்கரை 0. பொடி எழுத்தில் ‘இயற்கையான சர்க்கரை உள்ளது’ என்றும் போட்டிருந்தார்கள். பொய் எதுவும் இல்லை. பழத்துக்குள்ளேயே இருப்பது ‘சேர்த்த’ கணக்கில் வராது, அவ்வளவுதான். ஆனால் உலர்ந்த பேரீச்சையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதானே? இரண்டு பாருக்குக் கணக்குப் போட்டால் 29 கிராம் வருகிறது, அதாவது ஏழு டீஸ்பூன். பாதாமும் நார்ச்சத்தும் அதை மெதுவாக்கும் என்பார்கள், சரி, ஆனால் எவ்வளவுதான் மெதுவாக்கும்? டீயில் ஏழு ஸ்பூன் போட்டுக் கொடுத்திருந்தால் அப்பாவே தள்ளி வைத்திருப்பார்.

ஓட்டக்காரன்

அக்கா, உங்களுக்குக் குளுக்கோமீட்டர், எனக்கு ஆம்னி பஸ். சென்னையிலிருந்து திருச்சிக்கு இரவுப் பயணம். சாப்பாட்டுக்குப் பதில் இரண்டு புரோட்டீன் பார் தின்றுவிட்டு ஏறினேன். ஒன்றில் 20 கிராம் புரதம், சர்க்கரை வெறும் 1 கிராம். எண்களைப் பார்த்துப் பெருமைகூடப் பட்டேன். விழுப்புரம் தாண்டவில்லை, வயிறு உறும ஆரம்பித்தது. உளுந்தூர்பேட்டையில் டிரைவரைக் கெஞ்சி வண்டியை நிறுத்தி ஓடினேன். திரும்பி ஏறும்போது மொத்த பஸ்ஸும் விழித்திருந்தது.

காரணம், சர்க்கரைக்குப் பதிலாகப் போட்டிருந்த மால்டிட்டால். இனிப்பு இருக்கும், ஆனால் சிறுகுடல் அதை முழுதாக உறிஞ்சாது. மிச்சம் பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கும். அங்கே பாக்டீரியா அதைப் புளிக்க வைப்பதால் வாயுவும் சேரும். ‘பாலியால் மலமிளக்கியாகச் செயல்படலாம்’ என்ற எச்சரிக்கை உறை மடிப்புக்கு அடியில் இருந்தது (மால்டிட்டால் வகை இனிப்புகளுக்குப் பாலியால் என்று பெயர்). இன்னொன்று, அப்பாவுக்கு மாற்றாக இதை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். சர்க்கரை அளவுக்கு இல்லையென்றாலும் மால்டிட்டாலும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும்.

ரெட்டைவால் அம்மா

ஏழு வயதுப் பையனின் ஸ்நாக்ஸ் டப்பாவுக்கு ஓட்ஸ் பார் வாங்கினேன். ‘நார்ச்சத்து அதிகம்’ என்று போட்டிருந்தது. நம் நாட்டு விதிப்படி 100 கிராமில் 6 கிராம் நார் இருந்தால் அப்படிப் போட்டுக்கொள்ளலாம். என் பையன் தின்பது 25 கிராம் பார், ஆக அதிலிருந்து அவனுக்குக் கிடைப்பது ஒன்றரை கிராம். அதற்கு அரைக் கொய்யாப்பழம் போதும்.

பொருள் பட்டியல் இன்னும் சுவாரஸ்யம். எடை அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. முதலில் ஓட்ஸ், 24 சதவீதம். அப்புறம் வரிசையாகச் சர்க்கரை, லிக்விட் குளுக்கோஸ், தேன், இன்வெர்ட் சிரப். ஒரே குடும்பம் தனித்தனி ரேஷன் கார்டு வாங்கின மாதிரி! சத்து அட்டவணையில் மொத்தச் சர்க்கரை 100 கிராமுக்கு 34 கிராம். ஒரே பெயரில் எழுதியிருந்தால் முதல் இடத்தில் ஓட்ஸ் நின்றிருக்குமா?

‘ஒரு பரிமாறலுக்கு இத்தனை சதவீதம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அது ஒரு நாளைக்கு 2000 கலோரி, சேர்த்த சர்க்கரை 50 கிராம் என்று வைத்துப் போட்ட பெரியவர்கள் கணக்கு. என் வீட்டு ஏழு வயதுக்கு அது எப்படிப் பொருந்தும்? பெரியவர்களுக்கே 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

பாகுப்பதம்

திட்டுவதற்கு முன்னால் செய்கிறவள் பக்கத்தையும் கேளுங்கள். வீட்டிலேயே எள், கடலை, தினை பார் செய்து விற்கிறேன். இனிப்பு இருந்தால்தான் விற்கும் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, சர்க்கரைப் பாகு இல்லாவிட்டால் அது பாராகவே நிற்காது, பொரி மாதிரி உதிரும். கடலை மிட்டாய்க்குப் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, எடுத்துத் தட்டினால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். அப்படிக் காய்ச்சினது கடக்கென்று உடையும். மெத்தென்று மெல்லும்படி வேண்டுமென்றால் அந்தப் பதம் ஆகாது. பாகு பூத்துப்போகாமல், அதாவது மறுபடி சர்க்கரைப் பரலாக மாறாமல் இருக்க லிக்விட் குளுக்கோஸ், ஈரம் காயாமல் இருக்க கிளிசரின் என்று சேர்க்க வேண்டிவரும். ஈரத்தைச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்வதால்தான் மாதக்கணக்கில் பூஞ்சை வராமல் கடையில் கிடக்கிறது. அதைக் குறைத்தால் அந்த இடத்தை வேறு ஒன்று நிரப்பியாக வேண்டும். அப்படி வந்து சேர்ந்ததுதான் ஓட்டக்காரன் தம்பியை உளுந்தூர்பேட்டையில் இறக்கிவிட்டது.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது, “வெல்லம்தானே, சர்க்கரை இல்லையே?” என்றுதான். வெல்லத்தில் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான் என்று சொன்னால் முகம் வாடிவிடுகிறது. சிலர் வாங்காமலே போய்விடுகிறார்கள், போகட்டும். வேர்க்கடலையில் 100 கிராமுக்குச் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது, அதனால் நம்மூர்க் கடலை மிட்டாயில் சர்க்கரையோடு உருப்படியாகக் கொஞ்சம் உள்ளே போகும். அதற்காக அதையும் மருந்து மாதிரி விற்காதீர்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது குளுக்கோமீட்டருக்குத் தெரியாது.

வைகைக்கரை

பாகுப்பதம் அக்கா, கடைசி வரியை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ‘அப்போ கடலை மிட்டாயும் போச்சா’ என்றுதான் கேட்டார். இப்போது நாலு மணிக்குச் சுண்டல். பூதக்கண்ணாடி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வரும் பிஸ்கட் பாக்கெட்டையெல்லாம் திருப்பிப் படித்து அம்மாவிடம் சத்தமாக ஒப்பிக்கிறாராம்.

பெட்டியில் மீதி ஐந்து பார் இருக்கிறது. ஓடுகிறவர்கள் யாராவது மதுரைப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள், தருகிறேன். மால்டிட்டால் இல்லை, பஸ்ஸில் தைரியமாகத் தின்னலாம்.