10க்கு 10 ரூம், எங்க பாத்தாலும் கேபிள், போகிக்குள்ள எப்படி ஒழுங்கு பண்றது?

நங்கநல்லூர் கீபோர்டு:
எல்லாருக்கும் வணக்கம். நான் லைட் மியூசிக் ட்ரூப்ல கீபோர்டு வாசிக்கிறேன், சாயங்காலம் வீட்லயே பசங்களுக்கு க்ளாஸ். ரூம் 10க்கு 10 தான். அதுக்குள்ள கீபோர்டு ரெண்டு (ஒண்ணு ஃப்ளாப்பி போடற பழைய மாடல்), மிக்ஸர், மானிட்டர் ஸ்பீக்கர் ரெண்டு, தம்பியோட கிட்டார் அவனோட பெடல்ஸ், அப்பாவோட ஹார்மோனியம், தாத்தா வாசிச்ச மிருதங்கம், இது போக நாலு அட்டைப்பெட்டி நிறைய கேபிளும் அடாப்டரும். போன வாரம் க்ளாஸ்ல ஒரு குழந்தை ஒயர் தடுக்கி விழப் பாத்துச்சு, அன்னிக்கே இதுக்கு ஒரு வழி பண்ணணும்னு முடிவு பண்ணிட்டேன்.

கார்த்திகை கடைசி முகூர்த்தத்துக்கு தாம்பரத்துல ஒரு ரிசப்ஷன், மேடையில போய் கவரைத் தொறந்தா உள்ள இருக்கறது வேற கீபோர்டோட அடாப்டர். திரும்ப ஆளை அனுப்பி எடுத்துட்டு வர்றதுக்குள்ள ஒண்ணேகால் மணி நேரம், பொண்ணு வீட்டுக்காரங்க முகத்தைப் பாக்க முடியல. இப்ப மார்கழி, கல்யாணம் கிடையாது, கையில நேரம் இருக்கு, தை பொறந்துட்டா ஓட்டம்தான். எதை வெச்சுக்கறது எதை விடறது? ஹார்மோனியத்தையும் மிருதங்கத்தையும் பரண்ல ஏத்திடுன்னு வீட்ல சொல்றாங்க, எனக்கு மனசு வரல.

சாலிகிராமம் சவுண்ட்:
தம்பி, கேபிள் எல்லாம் ஒரு பெட்டி அடாப்டர் எல்லாம் ஒரு பெட்டின்னு அடுக்காதீங்க. பாக்க அழகா இருக்கும், ஆனா ராத்திரி 1 மணிக்கு மண்டபத்துலேர்ந்து வந்து யாரும் அப்படிப் பிரிச்சு வெக்க மாட்டாங்க, ரெண்டே வாரத்துல பழைய கதைதான். கச்சேரி வாரியா அடுக்குங்க. கீபோர்டு கவர்லயே அதோட அடாப்டர், சஸ்டெய்ன் பெடல் (ஸ்வரத்தை நீட்டறதுக்கு கால்ல மிதிக்கறது), மிக்ஸருக்குப் போற லைன் கேபிள் ரெண்டு, ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இது வெளிய வரவே கூடாது. வீட்ல வாசிக்க இன்னொரு அடாப்டர் வாங்கிடுங்க. காசு போகுதேன்னு தோணும், தாம்பரம் மாதிரி இன்னொரு ராத்திரி வராம இருக்க அந்தக் காசு தாராளமா குடுக்கலாம்.

அடாப்டர் மேல பெயின்ட் மார்க்கர்ல எந்த மிஷினோடதுன்னு பெருசா எழுதுங்க. கிட்டார் பெடல் பெரும்பாலும் 9 வோல்ட் சென்டர் நெகட்டிவ் (பின்னோட நடு மைனஸ்), கீபோர்டு நிறைய மாடல் 12 வோல்ட் சென்டர் பாசிட்டிவ் (நடு ப்ளஸ்), பின் ஒண்ணுக்கொண்ணு பொருந்தும் ஆனா மாத்திக் குத்தினா மிஷின் போச்சு.

கேபிளை ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணுங்க, ரிச்சி ஸ்ட்ரீட்ல டெஸ்டர் கெடைக்கும், இல்ல மல்ட்டிமீட்டர் போதும், ஆனா ப்ளக்கு பக்கம் நல்லா ஆட்டிப் பாத்துட்டே டெஸ்ட் பண்ணணும். பாதிக்கு மேல ப்ளக்கு கிட்டதான் விட்டிருக்கும், ரெண்டு இன்ச் வெட்டி திரும்ப சால்டர் பண்ணா பொழச்சிடும். ப்ளக்குல கருப்பு வளையம் ஒண்ணுன்னா மோனோ, ரெண்டுன்னா ஸ்டீரியோ இல்ல பேலன்ஸ்டு (இரைச்சல் கம்மியா வர்ற மாதிரி செஞ்சது). மோனோவுலயும் ஒரு சிக்கல், ஸ்பீக்கர் கேபிளும் கிட்டார் கேபிளும் வெளிய ஒரே மாதிரி இருக்கும், ஆம்ப்லேர்ந்து ஸ்பீக்கருக்கு கிட்டார் கேபிளைப் போட்டா சூடாகி ஆம்ப்பையே காலி பண்ணலாம், அதனால ஸ்பீக்கர் கேபிளுக்கு மட்டும் சிவப்பு டேப் சுத்திடுங்க.

சுத்தறப்ப முழங்கையில சுத்தாதீங்க, உள்ள இருக்கற கம்பி முறுக்கிக்கும். ஒரு சுத்து வெளிப்பக்கமா அடுத்த சுத்து உள்பக்கமா மாத்தி மாத்திப் போட்டு வெல்க்ரோ கட்டினா வீசினாலே நேரா விழும். தேறாததை காயலாங்கடைல போடலாம், ஆனா எரிச்சு காப்பர் எடுக்கறவங்ககிட்ட குடுக்காதீங்க, போகியிலயும் போட்டுடாதீங்க, அந்தப் புகை விஷம்.

மயிலாப்பூர் வலந்தலை:
மிருதங்கத்தைப் பரண்ல ஏத்தவே ஏத்தாதீங்க சார், கெஞ்சிக் கேக்கறேன். மொட்டை மாடிக்குக் கீழ இருக்கற பரண்னா சித்திரை வைகாசியில அடுப்பு மாதிரி இருக்கும், தோல் காஞ்சு வெடிச்சிடும், ஐப்பசி மழையில அதே தோல் ஈரம் குடிச்சு தொங்கிடும். எலியும் கரப்பானும் தோலைக் கடிக்கும். முதல்ல தொப்பியில (இடது பக்கத் தோல்) வாசிக்கறப்ப பூசின பழைய ரவை ஒட்டிட்டிருக்கான்னு பாருங்க, இருந்தா ஈரத்துணியால மெதுவா எடுத்துட்டு நிழல்ல காய விடுங்க, எறும்பும் கரப்பானும் வர்றதே அந்த ரவைக்குத்தான். ஏசி காத்து நேரா படற இடமும் வேண்டாம்.

பலா மரம் நல்லா இருந்தா மூட்டு (ரெண்டு பக்கமும் இருக்கற தோல் முகம்) மாத்தி வார் (அதை இழுத்துக் கட்டற தோல் பட்டை) பிடிச்சா திரும்ப பேசும். தாத்தா கைபட்ட மரம் சார், அதை "வேண்டாதது" கணக்குல சேக்காதீங்க. ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் எல்லா வாத்தியத்தையும் எறக்கித் தொடைச்சு வெப்போம் இல்லையா, அப்ப எதை நாம எடுக்கவே இல்லையோ அதை வாசிக்கற யாருக்காவது குடுத்துடலாம், இதுதான் எங்க வீட்டு வழக்கம்.

வேளச்சேரி வீணை:
பரண் வேண்டாம்னு சொன்னது ரொம்ப சரி, வீணையில மெட்டு (தந்தியை அழுத்தி வாசிக்கற உலோகக் கம்பிங்க) நிக்கறதே மெழுகுலதான், சூட்டுல இளகிடும். ஆனா தரையும் வேண்டாம். 2015 டிசம்பர்ல எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி, தம்புரா, புஸ்தகம், கேசட்டு எல்லாம் தரையோட போச்சு, அம்மா கைப்பட எழுதி வெச்ச ஸ்வர நோட்டு நாலும் அதுல போயிடுச்சு. அதுக்கப்புறம் ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக் போட்டு கீழ்த்தட்டை மூணடி உயரத்துல வெச்சோம், 2023 மிக்ஜாம் புயல்ல தண்ணி உள்ள வந்தும் ஒரு வாத்தியமும் நனையல.

மூடி போட்ட ப்ளாஸ்டிக் டப்பா வாங்கினா மழை நாள்ல அடைக்காதீங்க, ஈரம் உள்ளயே மாட்டி பூஞ்சை பிடிக்கும். நல்ல வெயில் நாள்ல அடைச்சு சிலிகா ஜெல் போடுங்க, ஆரஞ்சு கலர் பச்சையாச்சுன்னா சமையலுக்கு எடுக்காத கடாயில சின்ன தீயில சூடு பண்ணி திரும்ப போடலாம். ஹார்மோனியத்தை பாலிதீன்ல சுத்தாம துருத்தியை மூடி கொக்கி போட்டு பருத்தித் துணியில வைங்க, வாரத்துக்கு ஒரு தடவையாவது அஞ்சு நிமிஷம் வாசிங்க தம்பி. சுருதிப் பெட்டி, ரிமோட் எதுலயும் பேட்டரி விட்டு வெக்காதீங்க, ஒழுகி கான்டாக்ட்டை அரிச்சிடும்.

நங்கநல்லூர் கீபோர்டு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு நாள் உக்காந்து 61 கேபிள் டெஸ்ட் பண்ணேன், 23 தேறல, அதுல 9 சால்டர் பண்ணி சரியாச்சு. கீபோர்டு கவர் சாலிகிராமம் அண்ணன் சொன்ன மாதிரி ரெடி. மிருதங்கத்தை மூட்டு மாத்தக் குடுத்தாச்சு, க்ளாஸ்ல ஒரு பையன் கத்துக்கறேன்னு சொல்லியிருக்கான். ஹார்மோனியம் ரூம்லயே இருக்கட்டும்னு அப்பாகிட்ட சொன்னேன், அன்னிக்கு ராத்திரி ரொம்ப நேரம் வாசிச்சுட்டிருந்தார். அந்த ஃப்ளாப்பி 40 இருக்கு, அதை என்ன பண்றது?

சாலிகிராமம் சவுண்ட்:
யூஎஸ்பி ஃப்ளாப்பி ட்ரைவ் வாங்கி கம்ப்யூட்டர்ல காப்பி எடுத்துப் பாருங்க. ஃப்ளாப்பி ஓரத்துல இருக்கற ஷட்டரைத் (நகர்ற மூடி) தள்ளி உள்ள வெள்ளையா பூஞ்சை தெரியுதான்னு மொதல்ல பாருங்க, தெரிஞ்சா அதை ட்ரைவ்ல போடாதீங்க, ட்ரைவோட ஹெட்டு (படிக்கற முனை) அழுக்காகி நல்ல ஃப்ளாப்பியும் படிக்காது. நல்லதை எல்லாம் முடிச்சுட்டு கடைசியா அதுங்ககிட்ட வாங்க.