புதுப்பிப்பு: சாரட்டு ஜோடிக்கு மார்புப் பட்டை முடிவாயிடுச்சு

போன தடவை கேட்டிருந்தேனே, கல்யாண சாரட்டுக்கு ரெண்டு குதிரை பூட்டணும், வண்டியை இழுக்க கழுத்தைச் சுத்தி மாட்டுற கழுத்து காலரா, மார்புக்கு குறுக்கே போற மார்புப் பட்டையான்னு. மார்புப் பட்டையே எடுத்துட்டோம்.

காரணம் வண்டிதான். இழுவை வார் (குதிரையையும் வண்டியையும் இணைக்குற வார்) மாட்டுற கட்டை, எங்க சாரட்டுல இருக்குற மாதிரி, நடுவுல திருகுற மாதிரி இருந்தா, குதிரை தோள் மாறி மாறி முன்னாடி போறப்போ கட்டையும் கூடவே ஆடும், பட்டை தோளை உரசாது. வார் அசையாத கொக்கியில நிக்குற வண்டின்னா கண்டிப்பா கழுத்து காலர்தான், ஆனா அது ஒவ்வொரு குதிரைக்கும் அளவு சரியா இருக்கணும், உடம்பு இளைச்சா பெருத்தா மறுபடி பாக்கணும்.

அடுத்தது லகான். ஜோடியில ஒவ்வொரு லகானும் ரெண்டா பிரியும், வெளி வார் தன் பக்கத்து குதிரையோட கடிவாளத்துல வெளிப்பக்கத்துக்கு, உள் வார் குறுக்கே போய் அடுத்த குதிரையோட உள்பக்கத்துக்கு. இந்த உள் வார் குட்டையா இருந்தா ரெண்டு தலையும் உள்ள திரும்பிக்கும், நீளமாக்குனா நேராகும். அதனால பக்கிள் மாத்த நிறைய ஓட்டை இருக்குற லகானா பாருங்க, இதுல காசு மிச்சம் பிடிக்காதீங்க ப்ளீஸ்.

ஏர்க்கால் நுனி வார், அதாவது ரெண்டு குதிரைக்கும் நடுவுல நீட்டிட்டிருக்குற கட்டையோட நுனியை குதிரையோட இணைக்குற வார், அது பத்தியும் ஒருத்தர் கேட்டீங்க. வண்டி முன்னாடி உருளுறப்போ வண்டியைத் தாங்கிப் பிடிக்குறது இந்த வாரும்தான், மாட்டுறதுக்கு முன்னாடி தினமும் இதோட தையலைத் தடவிப் பாருங்க.

நம்ம சென்னை உப்புக்காத்துக்கு இரும்பு பக்கிள் வேணாம், பித்தளை இல்லன்னா ஸ்டெயின்லெஸ். லெதர்னா வேர்வையை அன்னைக்கே துடைச்சிடுங்க.