ரத்ததானக் குழுவின் ரீல் லட்சம் பார்வை போகிறது, முகாமுக்கு ஆள் வரவில்லை: எதை வெற்றி என்று கணக்கெடுப்பது?

தஞ்சை_தன்னார்வலர்:

வணக்கம். தஞ்சாவூர் பக்கம் ஒரு சிறிய ரத்ததானக் குழுவின் சமூக ஊடகப் பக்கங்களைப் பார்த்துக்கொள்கிறேன். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், அப்புறம் ஏகப்பட்ட வாட்ஸாப் குழுக்கள். போன மழைக்காலத்தில் நாங்கள் போட்ட ஒரு ரீல் லட்சம் பார்வையைத் தாண்டியது. அதற்கடுத்து நடந்த முகாமில் வழக்கமாக வருகிறவர்கள்தான் வந்தார்கள். புதுமுகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இப்போது ஒரு நிறுவனம் சிஎஸ்ஆர் (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) நிதியிலிருந்து முகாம் செலவுக்கு உதவ முன்வந்திருக்கிறது. சமூக ஊடகத்தில் என்ன சாதித்தீர்கள் என்று அறிக்கை கேட்கிறார்கள். பார்வை எண்ணிக்கையையும் பின்தொடர்பவர்கள் எண்ணிக்கையையும் போட்டு அனுப்பிவிடலாம் என்கிறார் எங்கள் தலைவர். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அந்த எண்கள் பொய் இல்லை, ஆனால் ஒரு யூனிட் ரத்தத்தைக்கூட அவை காட்டுவதில்லை. எதை அளந்தால் நியாயமாக இருக்கும்? பணம் கொடுத்து மென்பொருள் வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை.

எண்_பார்ப்பவர்:

முதலில் அந்த லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். இன்ஸ்டாகிராமில் 'பார்வை' என்பது வீடியோ எத்தனை முறை ஓடியது என்ற கணக்கு. ஒருவரே மூன்று முறை பார்த்தால் மூன்று. எத்தனை கணக்குகளைச் சென்றடைந்தது என்பதை 'ரீச்' தனியாகக் காட்டும். அதன் பிறகு 'இன்சைட்ஸ்' பகுதிக்குள் போய், பார்த்தவர்களும் பின்தொடர்பவர்களும் எந்த ஊர்க்காரர்கள் என்று பாருங்கள். சென்னையிலும் துபாயிலும் இருப்பவர்கள்தான் அதிகம் என்றால், தஞ்சாவூர் முகாமுக்கு அவர்களால் வர முடியாது. அது உங்கள் ரீலின் குறை இல்லை. ரத்ததானம் ஊரோடு கட்டுண்ட வேலை. நிதி திரட்டும் அமைப்புக்கு வெளிநாட்டுப் பார்வையாளர் பயன்படலாம், உங்களுக்கு முப்பது கிலோமீட்டருக்குள் இருப்பவர்தான் பயன்படுவார்.

அடுத்து, எந்த வழியாக ஆள் வருகிறார் என்று பிடிக்க வேண்டும். நீங்கள் கூகுள் படிவத்தில்தான் பெயர் பதிவு செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் 'எங்கிருந்து அறிந்தீர்கள்' என்ற கேள்வியைச் சேர்த்து, முன்பே நிரப்பிய இணைப்பை ஊடகத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டாகிராம் பயோவில் ஒன்று, ஃபேஸ்புக்கில் ஒன்று, வாட்ஸாப்பில் ஒன்று. வருகிறவர் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, விடை தானாக விழுந்திருக்கும். படிவம் வேண்டாம் என்றால் வாட்ஸாப்பில் நேரடியாகப் பேச வைக்கும் இணைப்பு இருக்கிறது. அதில் முதல் செய்தியை நீங்களே எழுதி வைக்கலாம். ஒவ்வொரு ஊடகத்துக்கும் வாசகத்தில் ஒரு சொல்லை மாற்றிவிட்டால் போதும். இரண்டுக்கும் காசு கிடையாது.

உங்களிடம் இணையதளம் இருந்தால் ஓர் எச்சரிக்கை. வாட்ஸாப்பிலிருந்து வருகிறவர்களைப் பெரும்பாலும் 'நேரடி வருகை' என்றே கூகுள் அனலிடிக்ஸ் (தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கருவி) காட்டும். யூடிஎம் குறி (எந்த வழியாக வந்தார் என்று காட்ட இணைப்பின் கடைசியில் சேர்க்கும் சொற்கள்) சேர்க்காத இணைப்பை வைத்து 'வாட்ஸாப்பால் பயனில்லை' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நம் ஊரில் அநேகமாக அதுதான் அதிகம் வேலை செய்கிறது.

தஞ்சை_தன்னார்வலர்:

மிக்க நன்றி. ஊர் வாரியாகப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுபோல சென்னைதான் முதலில் நிற்கிறது. ஆனால் ஒரு சிக்கல். எங்கள் முகாமுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பதிவு செய்யாமல் நேராக வந்து நிற்கிறார்கள். அவர்களை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

ரத்தவங்கி_ஆலோசகர்:

நான் முகாம்களில் கொடையாளர் ஆலோசகராக இருக்கிறேன். மேசையிலேயே கேளுங்கள் அம்மா. எல்லோரும் எப்படியும் கொடையாளர் படிவம் நிரப்பியாக வேண்டும். அந்த இடத்தில் உங்கள் தன்னார்வலர் ஒருவர் ஒரு நோட்டோடு உட்காரட்டும். மூன்றே கேள்வி: எப்படித் தெரிந்தது, இதுதான் முதல் முறையா, அடுத்த முறை நினைவூட்டலாமா. ஒருவர் ரீலும் பார்த்திருப்பார், நண்பரும் அழைத்திருப்பார். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். சமூக ஊடகத்தின் பலனை யூனிட் கணக்கில் மட்டும் அளக்காதீர்கள். வந்தவர் எல்லோரிடமும் நாங்கள் ரத்தம் எடுப்பதில்லை. ஹீமோகுளோபின் 12.5க்குக் கீழே இருந்தால் திருப்பி அனுப்புவோம். எடை 45 கிலோவாவது இருக்க வேண்டும். பச்சை குத்தி ஓர் ஆண்டு ஆகவில்லை என்றால் முடியாது. முதல்முறை வருகிற கல்லூரிப் பெண்கள் எத்தனை பேர் ஹீமோகுளோபின் காரணமாக முகம் வாடித் திரும்புகிறார்கள் என்று வாராவாரம் பார்க்கிறேன். அவர்களை முகாம்வரை கொண்டுவந்தது உங்கள் பதிவுதான், அது தன் வேலையைச் செய்துவிட்டது. அதனால் 'வந்தவர்', 'கொடுத்தவர்' என்று இரண்டு வரிசையாக எழுதுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் அடுத்த பதிவு எதைப் பற்றி இருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்: யார் கொடுக்கலாம், முந்தின இரவு என்ன செய்ய வேண்டும், இரும்புச்சத்துக்கு என்ன சாப்பிடலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, திரும்ப வருகிறவர் கணக்கு. ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறை, பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறை கொடுக்கலாம். பிளேட்லெட் ஐந்து நாள்தான் தாங்கும், சிவப்பணு ஆறு வாரம்வரை. ஒரே நாளில் கூட்டம் சேர்த்து அப்புறம் மாதக்கணக்கில் யாரும் வராமல் போனால், அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியா குழந்தைக்கு மூன்று வாரம் கழித்துத் தேவைப்படும் யூனிட்டுக்கு எங்கே போவது? அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ ரத்ததான நாளன்று எல்லா இடத்திலும் முகாம் நடக்கும். டிசம்பரிலும் மே மாத விடுமுறையிலும் எங்களுக்குத் தட்டுப்பாடு. அந்த மாதங்களில் உங்கள் நினைவூட்டலைப் பார்த்து எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள் என்று காட்டுங்கள். நான் நிதி கொடுப்பவனாக இருந்தால் அந்த ஒரு வரிக்கே கொடுப்பேன்.

திருச்சி_மாணவர்:

அவசரக் கோரிக்கைப் பதிவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா. 'ஓ நெகட்டிவ் உடனே தேவை' என்று போட்ட நேரம், ஆள் கிடைத்த நேரம், இரண்டையும் குறித்தால் போதும். கிடைத்ததும் பழைய பதிவில் 'தேவை நிறைவேறியது' என்று திருத்திவிடுங்கள். நோயாளி வீடு திரும்பிய பிறகும் அந்தச் செய்தி மாதக்கணக்கில் சுற்றுகிறது. அதற்கு வரும் ஷேர்களை வெற்றியில் சேர்க்கவே கூடாது, அந்தக் குடும்பத்துக்கு இன்னும் போன் போய்க்கொண்டிருக்கிறது.

ரத்தவங்கி_ஆலோசகர்:

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. நோயாளியின் படம், நோய், வார்டு எண் இதெல்லாம் பதிவில் வேண்டவே வேண்டாம். அழும் தாயின் படம் போட்டால் ஷேர் கூடும், தெரியும். அப்படிக் கூடுகிற எண் நமக்குத் தேவையில்லை.

தஞ்சை_தன்னார்வலர்:

நோட்டு யோசனை எங்களால் உடனே செய்யக்கூடியது. ஆனால் தலைவர், தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வீடியோ போட்ட 2014 ஐஸ் பக்கெட் சவாலைச் சொல்லியே 'வைரல் ஆனால் எல்லாம் நடக்கும்' என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

எண்_பார்ப்பவர்:

அதே உதாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடையில் அமெரிக்க ஏஎல்எஸ் (தசைகளை இயக்கும் நரம்புகளைச் சிதைக்கும் நோய்) சங்கத்துக்கு வந்த நன்கொடை 11.5 கோடி டாலர். அதில் ஒரு பகுதி ஆராய்ச்சிக்குப் போய், நோயோடு தொடர்புள்ள என்இகே1 மரபணுவை 2016இல் அடையாளம் காண உதவியது. தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்ட வீடியோக்கள் எத்தனை என்பதோடு நின்றிருந்தால் இன்று அதைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். இன்னொரு பக்கம், 2013இல் யுனிசெஃப் சுவீடன் கிளையே, லைக்குகள் உயிர்களைக் காப்பாற்றாது என்று விளம்பரம் செய்தது. போலியோ தடுப்பூசிக்குப் பணம் வேண்டும், லைக் போதாது என்பதுதான் அவர்கள் சொன்னது.

அறிக்கையில் பார்வை எண்ணிக்கையை மறைக்க வேண்டாம், அது கேட்கப்பட்டதுதான். முதல் வரியில் வைக்காதீர்கள், அவ்வளவுதான். மேலே முதல்முறைக் கொடையாளர், திரும்ப வந்தவர், கோரிக்கை நிறைவேற ஆன நேரம். கீழே ரீச், பதிவைச் சேமித்து வைத்தவர், ஷேர். இப்போது பழைய கணக்கு கையில் இல்லையென்றால் அதையும் நேராகச் சொல்லி, 'அடுத்த மூன்று முகாம்களில் இவற்றை அளப்போம்' என்று எழுதுங்கள். நிறுவனங்களும் தங்கள் சிஎஸ்ஆர் செலவை இயக்குநர் குழுவுக்கு விளக்க வேண்டியவர்கள்தான். இப்படிப்பட்ட எண் அவர்களுக்கும் உதவும்.

தஞ்சை_தன்னார்வலர்:

தலைவரிடம் காட்டினேன், ஒப்புக்கொண்டார். வரும் ஞாயிறு முகாமில் நோட்டோடு கல்லூரித் தோழி ஒருத்தி உட்காருகிறாள். கடைசியாக ஒரு சந்தேகம்: நினைவூட்டலுக்காக வாங்கும் போன் எண்களை வாட்ஸாப் குழுவில் சேர்த்துவிடலாமா?

ரத்தவங்கி_ஆலோசகர்:

வேண்டாம் அம்மா. குழுவில் சேர்த்தால் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும், ரத்தத்தைக் காசுக்கு விற்கும் தரகர்களும் உள்ளே வந்துவிடுவார்கள். 'பிராட்காஸ்ட்' பட்டியல் போடுங்கள், ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்குத்தான் அது போய்ச் சேரும். அதனால் மேசையிலேயே சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.