மறு: ‘ஹவுஸ் எட்ஜ்’ – சாதகமா, மகமையா, பிடித்தமா?

காரைக்குடியிலிருந்து:

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

நாம் தொகுக்கும் நிகழ்தகவுச் சொற்பட்டியலில் ரூலெட் (சக்கரத்தில் பந்தைச் சுழலவிட்டு, அது எந்த எண்ணில் விழும் என்று பணம் கட்டும் சூதாட்டம்) பகுதி மட்டும் முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. சூதாட்டக் கூடத்துக்கென்று ஆட்டத்துக்குள்ளேயே ஒதுக்கிவைத்த பங்குக்கு, அதாவது ‘ஹவுஸ் எட்ஜ்’ என்பதற்கு, இதுவரை வந்த சொற்கள் கூடச் சாதகம், மகமை, வட்டம், ஆயம். ‘வீட்டு விளிம்பு’ என்று ஒருவர் அனுப்பியதை வேடிக்கை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

கோட்டையூர் அண்ணன் எழுதியது:
> ‘கூடச் சாதகம்’ போதும், யாருக்கும் புரியும். கூடத்துக்குச் சாதகம் இருந்தாலும் முறையாகப் பணம் கட்டினால் முறியடிக்க வழி இருக்குமே?

அண்ணே, உங்கள் கேள்வியே அந்தச் சொல் வேண்டாம் என்பதற்குச் சாட்சி. சாதகம் என்று சொன்னதும் முறியடிக்கும் ஆசை வந்துவிடுகிறது. ஐரோப்பியச் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 குழிகள். ஒரு எண்ணில் ஒரு ரூபாய் கட்டி அது விழுந்தால், கட்டிய ரூபாயும் சேர்த்து 36 ரூபாய் கைக்கு வரும். 37 எண்ணிலும் எண்ணுக்கு ஒரு ரூபாயாக வைத்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். பந்து எங்கே விழுந்தாலும் 37 போய் 36 திரும்பும். அதிர்ஷ்டத்துக்கு அங்கே வேலையே இல்லை. திரும்பாத அந்த ஒரு ரூபாய்க்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம். 37-இல் 1, அதாவது 2.70 விழுக்காடு. அமெரிக்கச் சக்கரத்தில் 00 என்று ஒரு குழி கூடுதல், பட்டுவாடா அதே. அங்கே 38-இல் 2, 5.26 விழுக்காடு.

ரூலெட் நமக்குத் தூரம் என்றால் லங்கர் கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துத் திருவிழாக்களில், போலீஸ் வருகிறதா என்று ஒரு ஆள் பார்த்துக்கொண்டிருக்க, துணியை விரித்து உருட்டுவார்களே, அதேதான். ஆறு படங்கள், மூன்று கட்டைகள். நாம் கட்டிய படம் ஒரு கட்டையில் விழுந்தால், கட்டிய பணம் திரும்புவதோடு ஒரு மடங்கு, இரண்டில் விழுந்தால் இரண்டு மடங்கு, மூன்றிலும் விழுந்தால் மூன்று மடங்கு. ஆறு படத்தில் மூன்று விழுகிறது, பாதிக்குப் பாதி என்று தோன்றும். ஆறு படத்திலும் ஒவ்வொரு ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கட்டையும் வேறு வேறு படம் காட்டினால், உருட்டுகிறவர் மூன்று ரூபாயை வாரி மூன்று ரூபாய் கொடுக்கிறார். அவருக்கு மிச்சமில்லை. ஒரே படம் இரண்டு கட்டையில் விழும்போது, நான்கு படத்துப் பணத்தை வாரிக்கொண்டு மூன்று கொடுக்கிறார், ஒரு ரூபாய் மிச்சம். மூன்றும் ஒன்றாக விழுந்தால் இரண்டு ரூபாய் மிச்சம். சுற்றி நிற்பவர்கள் ‘ஜோடி, ஜோடி’ என்று குதிக்கிற நேரத்தில்தான் அவர் பை நிறைகிறது! மூன்று கட்டையும் விழக்கூடிய 216 விதங்களையும் சேர்த்துப் பார்த்தால், கட்டிய பணத்தில் அவருக்குத் தங்குவது 216-இல் 17 பங்கு, அதாவது 7.87 விழுக்காடு. இதோடு பார்த்தால் ஐரோப்பிய ரூலெட் நாணயமானது.

இனி மற்ற சொற்கள். மகமை நம் ஊர்க் கணக்குப் புத்தகத்துச் சொல் என்பதால் ஆசை வருவது சரி. ஆனால் மகமை தெரிந்து கொடுப்பது, கோயிலுக்கும் தருமத்துக்கும் போவது. சூதாட்டக் கூடத்தின் வரவுக்கு அந்தப் பெயரை வைத்தால் வீட்டுப் பெரியவர்கள் முகத்தில் விழிக்க முடியாது. நாணயம் மாற்றும்போது கழிக்கும் தொகைக்கு வட்டம் என்ற பழைய பெயர் பொருளில் நெருங்கிவருகிறது. ஆனால் சுழலும் சக்கரத்தைப் பற்றி எழுதும்போது யார் எந்த வட்டத்தைச் சொல்கிறார் என்று குழம்பும். ஆயம் எனக்கு மிகவும் பிடித்த சொல். குறளில் ‘உருளாயம்’ என்று கவறாட்டத்துக்கே வருகிறது, ‘ஆயத்தீர்வை’யில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆனால் குறளில் அது ஆடுகிறவன் எதிர்பார்க்கும் வரவு. கூடத்தின் வரவுக்கு அதைச் சூட்டினால் பொருள் தலைகீழாகிவிடும்.

என் பரிந்துரை ‘ஆட்டப் பிடித்தம்’. சம்பளப் பட்டியலில் பிடித்தம் பார்க்காதவர் இல்லை. (‘கடைப் பிடித்தம்’ என்றும் யோசித்தேன். ‘கடைப்பிடித்தல்’ வந்து காலை வாரிவிடும்.)

புதுவயல் தம்பி எழுதியது:
> கறுப்பில் 100 கட்டு. தோற்றால் 200, அப்புறம் 400. எப்போது ஜெயித்தாலும் 100 லாபம். மேசை வரம்பு (ஒரு தடவைக்கு இவ்வளவுதான் கட்டலாம் என்ற உச்சம்) மட்டும் இல்லையென்றால் கூடம் திவால்தான்.

தம்பி, 37 குழியில் கறுப்பு 18தான். ஏழு தோல்வி வரை தாங்கும் பணத்தோடு உட்கார்ந்தால் கையில் 12,700 வேண்டும். ஏழு தடவையும் தொடர்ந்து தோற்பது ஏறத்தாழ 106-க்கு ஒரு முறை நடக்கும். 105 முறை நூறு நூறாக 10,500 வரும், ஒரு முறை 12,700 போகும். நிகரம் 2,200 நட்டம். ஜெயிக்கும் வரையோ ஏழும் தோற்கும் வரையோ ஆடுவதை ஒரு சுற்று என்றால், சுற்றுக்கு 20 ரூபாய்ச் சொச்சம். இன்னொரு வழியிலும் பாருங்கள்: ஒரு சுற்றில் சராசரியாக நீங்கள் மேசையில் வைப்பது 760 ரூபாய் போல. அதில் 37-இல் ஒரு பங்கு? அதே 20 சொச்சம். வரம்பைத் தூக்கிவிட்டுப் பத்துத் தோல்வி வரை தாங்கினாலும் நட்டம் குறையாது. சுற்றுக்கு 30-ஐத் தாண்டும். கட்டும் பணம் கூடுகிறது, பிடித்தமும் கூடுகிறது, அவ்வளவுதான். 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோவில் தொடர்ந்து 26 தடவை கறுப்பு விழுந்தது. ‘இனிமேல் சிவப்புதான்’ என்று கட்டிக்கொண்டே போனவர்களுக்கு வரம்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

லபூஷேர், தாலம்பேர், ஃபிபோனாச்சி என்று எந்தப் பெயரில் வந்தாலும் தொகையை முன்னே பின்னே அடுக்கும் வேலைதான். இவை எல்லாவற்றுக்கும் ‘கட்டுமுறை’ என்று ஒரே சொல் போதும். தோற்கத் தோற்க இரட்டிப்பது ‘இரட்டிப்புக் கட்டு’, ஆங்கிலத்தில் மார்ட்டிங்கேல். கணிதத்தில் அதே பெயரில் உள்ள மார்ட்டிங்கேலை இதோடு சேர்க்கவேண்டாம். 1939-இல் ழான் வீல் (Ville) என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் அந்தப் பெயரை நிகழ்தகவுக் கோட்பாட்டுக்குள் கொண்டுவந்தபின் அது தனிப் பொருளாகிவிட்டது.

சக்கரத்தை வென்றவர்களும் உண்டு. 1961-இல் எட்வர்ட் தோர்ப், கிளாட் ஷானன் என்ற இரு கணித அறிஞர்கள் உடலில் மறைத்த சிறு கணினியால் பந்தின் வேகத்தை அளந்தார்கள். 2004-இல் லண்டனில் லேசர் கருவியோடு வந்ததாகச் சொல்லப்பட்ட மூவர் 13 லட்சம் பவுண்டு எடுத்தார்கள். பந்து எங்கே விழும் என்று முன்கூட்டிக் கணித்தது அது. எவ்வளவு கட்டுவது என்ற சூத்திரம் இல்லை. அதற்குக் ‘கணிப்பு’ என்று தனிப் பதிவு போடுவோம்.

தேவகோட்டையிலிருந்து:

காரைக்குடித் தம்பிக்கு,

பிடித்தம் எனக்குச் சம்மதம். ‘ஆட்ட’ என்ற அடைமொழிதான் இடிக்கிறது. அமெரிக்கச் சக்கரத்தில் 0, 00, 1, 2, 3 ஐந்தையும் சேர்த்துக் கட்டும் பந்தயத்துக்குப் பட்டுவாடா, கட்டிய பணம் போக ஆறு மடங்கு. அங்கே பிடித்தம் 7.89 விழுக்காடு. அதே மேசையில் மற்ற எதில் கட்டினாலும் 5.26. பிரெஞ்சு மேசைகளில் சிவப்பு, கறுப்பு போன்றவற்றில் கட்டியிருந்து 0 விழுந்தால் பாதியைத் திருப்பித் தரும் விதி உண்டு, அப்போது 1.35 ஆகிவிடும். ஆட்டம் ஒன்றுதான், பிடித்தம் பந்தயத்துக்குப் பந்தயம் மாறுகிறது. ஆகவே ‘பந்தயப் பிடித்தம்’ என்று வைப்போம். பாதி திரும்பும் விதிக்கு ‘பாதி மீட்பு’ சரியா, பாருங்கள்.

‘ஒன்றெய்தி நூறிழக்கும்’ என்ற குறள் அடியை இரட்டிப்புக் கட்டுக்கு விளக்கமாகப் போடலாம் என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். உங்கள் கணக்கில் ஒன்றுக்கு 127 என்பதால் பொருத்தம் பார்த்தால் அசந்துதான் போகிறேன். ஆனாலும் சொற்பட்டியல் படிக்க வந்த பிள்ளைக்கு அறிவுரை எதற்கு? வேண்டாம்.

கோட்டையூரிலிருந்து:

தேவகோட்டை ஆச்சி சொன்னபடி ‘பந்தயப் பிடித்தம்’ ஏற்கிறேன். ‘கூடச் சாதகம்’ ஏற்கெனவே இரண்டு பாடக் குறிப்புகளில் போய்விட்டது. அதை நீக்காமல், ‘காண்க: பந்தயப் பிடித்தம்’ என்று மட்டும் போட்டுவையுங்கள். வரைவு:

பந்தயப் பிடித்தம்: நியாயமான பட்டுவாடாவைவிடக் குறைத்துக் கொடுப்பதால், கட்டிய தொகையில் சராசரியாகக் கூடத்தில் தங்கும் பங்கு, விழுக்காட்டில் சொல்லப்படும். கட்டுமுறையால் மாறாது.

‘பாதி மீட்பு’ பற்றிப் புதுவயல் தம்பி ஞாயிற்றுக்கிழமைக்குள் கருத்துச் சொன்னால் நல்லது.