கொடுங்கையூர் எரிஉலை: வினையூக்கி பில்டர் போட்டால் டயாக்சின் பயம் போகுமா?

பாய்லர்_பாண்டி: வடசென்னையின் கொடுங்கையூரில் குப்பை எரிஉலை வேண்டாம் என்பவர்கள் முதலில் சொல்வது டயாக்சின், குப்பை எரியும்போது உருவாகும் நச்சு. அதற்கு வழி இருக்கிறது. புகையை வடிகட்டும் சாதாரண பில்டர் பை தூசியை மட்டும் பிடிக்கும். வினையூக்கி பையில் டெஃப்லான் இழைக்குள்ளேயே வினையைத் தூண்டும் வனேடியம், டைட்டானியம் ஆக்சைடுகள் கலந்திருக்கும். தூசி வெளிச்சவ்வில் நின்றுவிடும். உள்ளே நுழையும் வாயுவில் இருக்கும் டயாக்சின் உடைந்து கார்பன் டை ஆக்சைடு, நீராவி, கொஞ்சம் ஹைட்ரஜன் குளோரைடாகிவிடும். ஐரோப்பாவில் 1990களின் பிற்பாதியிலிருந்தே இது ஓடுகிறது.

வடசென்னைக்காரி: எத்தனை டிகிரியில் உடையும் அண்ணே?

பாய்லர்_பாண்டி: சுமார் 180 முதல் 260 வரை. கீழே போனால் வினை மந்தம், மேலே போனால் டெஃப்லான் தாங்காது.

வடசென்னைக்காரி: அதைத்தான் கேட்க வந்தேன். நம் குப்பையில் பாதி சோறு, வாழையிலை, காய்த்தோல். மழைக்காலத்தில் லாரியிலிருந்தே தண்ணீர் சொட்டும். அப்போது உலைச் சூடு நிற்குமா? உலை சரியாக எரியாத நேரத்தில்தான் டயாக்சினும் அதிகம் உருவாகும். பையும் அதே நேரம் குளிர்ந்திருந்தால் யாருக்கு லாபம்?

பாய்லர்_பாண்டி: டீசல் பர்னரால் சூடேற்றிய பிறகுதான் குப்பையைப் போட வேண்டும். அதுதான் முறை.

பழைய_ஷிப்ட்: முறை சரி தம்பி. நான் வேறொரு ஆலையில் பாய்லர் பார்த்தவன். ஆறிய பையில் ஈரம் பிடித்தால் சாம்பல் களிம்பு மாதிரி ஒட்டும், தட்டினாலும் உதிராது. அதற்குப் பயந்தே பைபாஸ் டாம்பரைத் திறப்போம். அந்த நேரம் புகை பையைப் பார்க்காமலே சிம்னிக்குப் போகும். டீசல் பில் ஏறினால் மேலிருந்து போன் வரும், அது தனிக்கதை.

பாய்லர்_பாண்டி: அது ஆளின் தப்பு, பில்டரின் தப்பில்லை. டயாக்சினை ஒட்டிப் பிடிக்கப் புகையில் கரித்தூள் தூவும் முறையில் அது அழியாது, சாம்பலோடு மூட்டையாகிக் குப்பைமேட்டுக்கே திரும்பும். அதைவிட இது மேல்தானே?

வடசென்னைக்காரி: மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் டயாக்சின் அளவு தூசி மாதிரி நொடிக்கு நொடி திரையில் வராது. ஆறேழு மணி நேரம் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கன மீட்டருக்கு 0.1 நானோகிராம் என்ற வரம்பை உலை நன்றாக எரியும் நாளில் காட்டிவிடலாம். பை அறையின் சூடும் பைபாஸ் திறந்திருந்த நிமிடங்களும் வாசல் பலகையில் ஓடட்டும். அதற்குச் சம்மதமா?

பாய்லர்_பாண்டி: பைபாஸ் கணக்குமா?

பழைய_ஷிப்ட்: அதைத்தான் முதலில் போட வேண்டும்.